மிக்ஸி முதல் ரோபோ வரை: ஆங்கிலம் கற்போருக்குத் தேர்வு அமைக்கும் முழுமையான வழிகாட்டி

அன்றாட வாழ்வில் தொழில்நுட்பம், கருவிகள், ரோபோக்கள் என்ற தலைப்பில் ஆங்கிலத் தேர்வு அமைப்பது எளிது என்றே பல ஆசிரியர்கள் எண்ணுகின்றனர். உண்மையில் தவறாக அமைப்பதற்கு இதைவிட வாய்ப்பான தலைப்பு வேறில்லை. மொபைல், சார்ஜர், ரிமோட், மிக்ஸி, பாஸ்வேர்டு, ரோபோ ஆகிய சொற்கள் தமிழ்ப் பேச்சிலேயே கலந்துவிட்டதால், படத்தைக் காட்டிப் பெயர் கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் முழு மதிப்பெண் வாங்கிவிடும். அதே பிள்ளையிடம் அந்த மிக்ஸி ஏன் ஓடவில்லை என்று ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொல்லச் சொன்னால் வாய் அடைத்துப்போகும். மறுபுறம், கருவியின் உள்நுட்பத்தைக் கேட்டால், ஆங்கிலம் நன்றாக வந்தும் அந்தக் கருவியை வீட்டில் பார்த்திராத மாணவர் தோற்றுவிடுவார். தேர்வு அளக்க வேண்டியது ஆங்கிலத்தை. வீட்டு வசதியையும் கருவி ஞானத்தையும் அளப்பது அதன் வேலை அன்று. கீழே கூறப்படும் படிகள் யாவும் இந்த ஒரு விதியைக் காப்பாற்றுவதற்காகவே அமைந்தவை.

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் முதலிய ஊர்களில் பள்ளியிலோ தனிப்பயிற்சி வகுப்பிலோ உயர்நிலை, மேல்நிலை மாணவர்களுக்குக் கற்பிப்பவரை மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது. வயது வந்தோருக்கான பேச்சு ஆங்கில வகுப்புக்கும் சிறு மாற்றங்களுடன் பொருந்தும்.

முதற்படி: யாருக்கு, எதற்கு என்று முடிவு செய்தல்

ஒரே தலைப்பில் இரண்டு வேறு தேர்வுகள் அமையலாம். மாணவரை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் தேர்வில் எளிய வினா முதல் கடின வினா வரை பரந்து இருக்க வேண்டும். பாடம் முடிந்தபின் வைக்கும் தேர்விலோ நடத்தியவை மட்டுமே வர வேண்டும். இரண்டையும் கலந்தால் எதற்கும் பயன்படாத தாள் ஒன்று கிடைக்கும்.

நிலையைக் குறிக்க, ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட, மொழித்திறனைக் குறிக்கும் சி.இ.எஃப்.ஆர். அளவுகோலின் ஏ1 முதல் சி2 வரையான ஆறு நிலைகள் போதும். ஏ2 நிலை மாணவரிடம் ஒரு கருவியை இயக்கும் எளிய கட்டளைகளை எதிர்பார்க்கலாம். பி1 நிலையில் பழுதை விளக்குவதையும், அன்றும் இன்றும் எப்படி என்று ஒப்பிட்டுச் சொல்வதையும் எதிர்பார்க்கலாம். ரோபோ முதியவரைக் கவனித்துக்கொள்ளலாமா என்பது போன்ற வாதம் பி2 நிலைக்கு உரியது. இனி வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பி1 நிலையைச் சார்ந்தவை.

இரண்டாம் படி: தேர்வின் திட்ட வரைவு

வினா எழுதத் தொடங்குமுன் மதிப்பெண் பங்கீட்டை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். 50 மதிப்பெண் தேர்வு ஒன்றுக்கு, கேட்டல் 10, படித்தல் 12, சொல்லும் இலக்கணமும் 10, எழுதுதல் 10, பேசுதல் 8 என்பது நல்ல பங்கீடு. முதல் நான்கு பகுதிகளுக்கும் சேர்த்து எழுபது நிமிடம் தரலாம். பேசுதலை இருவர் இருவராக அழைத்துத் தனியே நடத்த வேண்டும். பேச்சுத் தேர்வுக்கு நேரமில்லை என்று அதை அடியோடு விட்டுவிடுவது நம் பக்கத்தில் பரவலான வழக்கம். பேச்சைச் சோதிக்காவிட்டால் மாணவர்கள் வகுப்பில் பேசவே மாட்டார்கள், ஏனெனில் தேர்வில் இல்லாத ஒன்றுக்கு உழைப்பவர் எவரும் இல்லை.

மூன்றாம் படி: கருவிகளைத் தேர்ந்தெடுத்தல்

விதி மீறப்படும் இடம் பெரும்பாலும் இதுதான். கருவிகளை மூன்று வரிசையாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

முதல் வரிசையில் ஏறத்தாழ எல்லா மாணவரும் கையாண்ட கருவிகள் வரும். 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் வழியே விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் எண்ணற்ற வீடுகளுக்குச் சென்றன. ரேஷன் கடையில் ஸ்மார்ட் கார்டைப் படிக்கும் கருவியையும், தேநீர்க் கடையில் பணம் வந்துவிட்டதை உரக்கச் சொல்லும் சிறு பெட்டியையும் பார்க்காத பிள்ளை அரிது. இவற்றைப் பற்றி விளக்கம் எதுவும் இன்றி நேரடியாகக் கேட்கலாம்.

இரண்டாம் வரிசை, சிலருக்கு மட்டும் பழக்கமானவை. வயல் மோட்டாரை வீட்டிலிருந்தே இயக்கும் மொபைல் ஸ்டார்ட்டரை விவசாயியின் பிள்ளை அறியும். வங்கி ஊழியரின் பிள்ளை அறியாமல் இருக்கலாம். புதுவயல் அரிசி ஆலைகளில் வேலை செய்வோரின் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சார்டெக்ஸ் என்றால் என்னவென்று தெரியும்: ஓடி விழும் அரிசியைக் கேமரா பார்க்க, கறுத்த மணியைக் காற்று அடித்து ஒதுக்கிவிடும் இயந்திரம் அது. மாணவர்களிடம் ரோபோ என்றால் திரையில் பார்த்த மனித உருவமே நினைவுக்கு வருகிறது. கண் இருந்து, முடிவு செய்து, கையில்லாமலே பொறுக்கும் இந்த இயந்திரத்தை ரோபோ என்று சொல்லலாமா என்பது பேச்சுத் தேர்வுக்கு மிக நல்ல வினா. ஆனால் அது எப்படி இயங்குகிறது என்று வினாத்தாளே இரண்டு வரியில் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் வரிசையில், பெரும்பாலோர் வீட்டில் இராத, படித்தல் பகுதியில் மட்டும் வரத்தக்க கருவிகள் அடங்கும். தானே தரையைக் கூட்டும் ரோபோ இவ்வகை. திருவனந்தபுரத்தில் 2018இல் பயன்பாட்டுக்கு வந்த, பாதாளச் சாக்கடைக்குள் மனிதன் இறங்காமல் அடைப்பை அகற்றும் பாண்டிகூட் ரோபோவும் இவ்வகை. ஏறத்தாழ யாருக்கும் முன்னறிவு இல்லாததால் இவை ஒருவகையில் மிக நியாயமானவை.

‘உன்னிடம் என்ன போன் இருக்கிறது’, ‘உன் அறையில் உள்ள கருவிகளை எழுது’ போன்ற வினாக்களை எந்நிலையிலும் தவிர்க்க வேண்டும். வீட்டுக்கே ஒரு போன், அதுவும் அப்பாவின் கையில் என்று இருக்கும் மாணவர் அங்கே பொய் எழுதுவார், அல்லது கூனிக் குறுகுவார். இரண்டுமே தேர்வுக்கு வேண்டாதவை.

நான்காம் படி: சொல் வினாக்கள்

பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினைச்சொல்லைப் பிடிக்க வேண்டும் என்பதே இந்தப் படியின் சாரம். ஃபேன் என்ற சொல் தெரிந்தவருக்கும் அதனுடன் எந்த வினை சேரும் என்பது தெரிவதில்லை. நாம் ஃபேனையும் ‘போடு’கிறோம், டிவியையும் ‘போடு’கிறோம், போனும் ‘போடு’கிறோம், ஆகவே மாணவர் ‘புட் தி ஃபேன்’ என்கிறார். அணைப்பதற்கு ‘ஆஃப் தி லைட்’ என்று, வினையே இல்லாமல் ஒரு வாக்கியம் பிறக்கிறது. இவ்வகைப் பிழைகள்தாம் பலவுள் தெரிவு வினாவுக்கு வேண்டிய தவறான விடைகளின் சுரங்கம். ஆசிரியர் கற்பனையில் உருவாக்கும் தவறான விடையை எந்த மாணவரும் தேர்ந்தெடுப்பதில்லை. பழைய விடைத்தாள்களிலிருந்தும் வகுப்புப் பேச்சிலிருந்தும் பொறுக்கி ஒரு குறிப்பேட்டில் சேர்த்த பிழைகளே உண்மையில் பிரித்துக் காட்டும்.

விடைத் தெரிவுகள் நான்கு வேண்டும் என்பது வழக்கத்தால் வந்த நம்பிக்கை. மைக்கேல் ரோட்ரிகெஸ் என்ற ஆய்வாளர் எண்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியிட்ட கட்டுரை, மூன்று தெரிவுகளே உகந்தவை என்ற முடிவுக்கு வந்தது. நான்காவதைத் தேடி நேரத்தைச் செலவிடுவதற்குப் பதில் இன்னும் சில வினாக்களைக் கூடுதலாக எழுதுவது மேல்.

இரண்டு கண்ணிகளைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு விடைகள் சரியாகிவிடுவது. ‘தி பேட்டரி ஹேஸ் ரன்’ என்று எழுதி, ‘அவுட்’, ‘டவுன்’, ‘ஆன்’ என்று மூன்று தெரிவுகள் கொடுத்தால், ஆசிரியர் மனத்தில் ‘அவுட்’ மட்டும் இருக்கும். ஆனால் மின்கலம் தீர்ந்தது என்பதற்கு ‘டவுன்’ என்பதும் பிழையற்ற ஆங்கிலமே. ஒவ்வொரு தெரிவையும் வாக்கியத்தில் பொருத்தி அகராதியில் சரிபார்க்காமல் எந்த வினாவையும் தாளில் ஏற்றக் கூடாது. மற்றொன்று, சரியான விடை தன் உருவத்தாலேயே தெரிந்துவிடுவது. ‘டர்ன் ஆன்’, ‘புட்’, ‘ஓப்பன்’ என்று கொடுத்தால் இரண்டு சொல் கொண்டதே விடை என்று கெட்டிக்கார மாணவர் ஊகித்துவிடுவார். ‘டர்ன் ஆன்’, ‘புட் இன்’, ‘ஓப்பன் அப்’ என்று மூன்றையும் ஒரே அமைப்பில் தர வேண்டும்.

‘மிஸ்டு கால்’, ‘ரீசார்ஜ்’, ‘கட் தி கால்’ போன்ற இந்திய வழக்குகளை என்ன செய்வது என்ற கேள்வி எழும். எழுத்திலும் பேச்சிலும் மாணவர் இவற்றைப் பயன்படுத்தினால் மதிப்பெண் குறைக்கக் கூடாது. அதே சமயம் இவற்றை வைத்துச் சரி, தவறு என்று வினாவும் எழுதக் கூடாது. இந்த முடிவைத் திருத்தத் தொடங்குமுன்பே எடுத்து, உடன் திருத்தும் ஆசிரியருக்கும் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: இலக்கணம்

இத்தலைப்பு தானாகவே சில இலக்கண அமைப்புகளைக் கொண்டுவருகிறது: செயப்பாட்டு வினை, ஒப்பீடு, எதிர்கால ஊகம், பழைய வழக்கத்தைக் கூறும் அமைப்பு. இவற்றுள் கடைசியானது செட்டிநாட்டு வீடுகளுக்கு மிகப் பொருத்தமானது. வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் அம்மியும் ஆட்டுக்கல்லும் இன்னும் கிடக்க, அருகிலேயே கிரைண்டர் ஓடும் வீடுகள் இங்கு ஏராளம். அந்தக் காட்சியிலிருந்து மூன்று வாக்கியங்களை அமைக்கலாம். ‘ஆச்சி யூஸ்ட் டு கிரைண்ட் பேட்டர் பை ஹேண்ட்’ என்றால் முன்பு கையால் ஆட்டினார், இப்போது இல்லை. ‘ஆச்சி இஸ் யூஸ்ட் டு கிரைண்டிங் பேட்டர் பை ஹேண்ட்’ என்றால் கையால் ஆட்டுவது அவருக்குப் பழகிப்போன வேலை. ‘திஸ் ஸ்டோன் இஸ் யூஸ்ட் டு கிரைண்ட் பேட்டர்’ என்றால் இந்தக் கல்லின் பயன் அது.

மூன்றும் காதில் ஏறத்தாழ ஒன்றாகவே விழும். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் மனப்பாட விதியைக் கொண்டு மாணவர் தப்பிவிடுவார். மாறாக, மூன்று வாக்கியங்களையும் கொடுத்து, ‘எந்த வாக்கியத்தில் வரும் ஆச்சி இப்போது கையால் ஆட்டுவதை நிறுத்திவிட்டார்?’ என்று கேட்டால், பொருள் புரிந்தவர் மட்டுமே விடையளிக்க முடியும். இலக்கண வினாக்கள் அனைத்தையும் இவ்வாறு பொருளோடு கட்டிவிட முடிந்தால் நன்று. முடியாவிட்டால் பாதியையேனும் கட்ட வேண்டும்.

செயப்பாட்டு வினைக்கு மின்கருவியைத் தேடி அலைய வேண்டியதில்லை. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் முறையே போதும்: கண்ணாடிப் பலகையின் மேல் அச்சு வைத்து வண்ணச் சாந்து ஊற்றப்படுகிறது, மணலும் சிமெண்டும் இடப்படுகின்றன, பின்னர் கல் நீரில் ஊறவைக்கப்படுகிறது. வரிசை குலைந்த ஐந்து வாக்கியங்களைத் தந்து, வினையைச் சரியான வடிவில் எழுதி வரிசைப்படுத்தச் சொல்லலாம்.

ஆறாம் படி: படித்தல் பகுதி

இணையத்திலிருந்து எடுத்த பத்தியைவிட ஆசிரியர் எழுதிய பத்தியே நல்லது. பி1 நிலைக்கு ஏறத்தாழ இருநூறு சொற்கள் போதும். எடுத்துக்காட்டாக, கானாடுகாத்தானில் உள்ள பெரிய வீடு ஒன்றுக்கு மலேசியாவில் இருக்கும் மகன் தரை கூட்டும் ரோபோ ஒன்றை அனுப்பிவைக்கிறார் என்று ஒரு கதையைத் தொடங்கலாம். இவ்வகை ரோபோக்கள் பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு மேல் உயர்ந்த தடையைத் தாண்டுவதில்லை. நிலைவாசல் படி அதற்கு மலை. முற்றத்தின் விளிம்பில் கீழே விழாமல் இருக்க, அடியிலுள்ள உணரி அகச்சிவப்புக் கதிரைத் தரைக்கு அனுப்பித் திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. கறுப்புத் தரை அக்கதிரை உறிஞ்சிக்கொள்வதால், சில மாதிரிகள் கறுப்புப் பூ வேலை உள்ள கல்லைப் பள்ளம் என்று கருதி நின்றுவிடக்கூடும். அந்த வீட்டு ஆச்சி விளக்குமாற்றை எடுக்கிறார் என்று கதையை முடித்தால் மாணவர்கள் விரும்பிப் படிப்பார்கள். இதிலிருந்து, ரோபோ ஏன் நின்றது என்ற காரண வினாவும், மகன் எதை எதிர்பார்த்தார் என்ற ஊக வினாவும், ஒரு சொல்லின் பொருளைச் சூழலிலிருந்து அறியும் வினாவும் எழுதலாம்.

பத்தியைப் படிக்காமலே விடை சொல்ல முடிகிறதா என்பதே இப்பகுதியின் உரைகல். காரைக்குடி மாணவருக்கு அவ்வூரிலேயே உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைப் பற்றி ஒரு பத்தி கொடுத்து, அதற்கு நிலம் கொடுத்த வள்ளல் யார், அடிக்கல் நாட்டியவர் யார் என்று கேட்டால், அழகப்பச் செட்டியார், நேரு என்று பத்தியைத் திறக்காமலே எழுதிவிடுவார். அதே பத்தியிலிருந்து, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்டதற்கு இடையே எத்தனை ஆண்டுகள் கடந்தன என்று கேட்டால்கூட அது கணக்குத் தேர்வாகிவிடும். உள்ளூர்ச் செய்தியைப் பத்தியில் வைப்பது நல்லதே. வினாவை மட்டும் பத்தி சொல்லும் காரணத்தின் மேல் வைக்க வேண்டும். சோதிப்பதற்கு எளிய வழி, வினாக்களை மட்டும் உடன் பணிபுரியும் ஒருவரிடம் கொடுத்து விடையளிக்கச் சொல்வது. மூன்று தெரிவு வினாவில் குருட்டாம்போக்கில் மூன்றில் ஒரு பங்கு சரியாகும். அதற்கு மிகுதியாக அவர் சரியாகச் சொல்லிவிட்டால், பத்தி வெறும் அலங்காரமாக நிற்கிறது என்று பொருள்.

ஏழாம் படி: கேட்டல் பகுதி

இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒரு போனில், சிங்கப்பூரிலிருந்து அத்தை மகன் அனுப்பும் குரல் செய்தி போலவோ, பழுது பார்க்கும் மையத்துடன் நடக்கும் உரையாடல் போலவோ இரண்டு ஆசிரியர்கள் பேசிப் பதிவு செய்யலாம். எழுதி வைத்ததை வாசிப்பது போல் இராமல், இயல்பான இடைநிறுத்தங்களோடு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 சொற்கள் என்ற வேகத்தில் இருக்க வேண்டும். பெரிய வீட்டின் முகப்பிலோ, முற்றத்தைச் சுற்றிய வளவிலோ உட்கார்ந்து பதிவு செய்தால் எதிரொலி சொற்களை விழுங்கிவிடும்; துணிகள் நிறைந்த சிறிய அறையே ஏற்றது. மாணவர்கள் வினாக்களைப் படித்துக்கொள்ள அரை நிமிடம் தந்து, பதிவை இரண்டு முறை ஒலிக்கச் செய்ய வேண்டும். மின்தடை எப்போதும் வரலாம் என்பதால் பேட்டரியில் ஓடும் ஸ்பீக்கர் கட்டாயம்.

எட்டாம் படி: பேசுதல்

செட்டிநாட்டில் ஆங்கிலம் நிஜமாகவே தேவைப்படும் இடம், வீடுகளைப் பார்க்க வரும் வெளிநாட்டுப் பயணிகளோடு பேசும் இடம். அதையே தேர்வாக்கலாம். ஒரு மாணவர் கானாடுகாத்தான் விடுதி ஊழியர்; மற்றவர் பிரான்சிலிருந்து வந்த விருந்தினர். விருந்தினரின் சார்ஜர் சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் சரியாக உட்காரவில்லை, அறையில் நெட் கிடைக்கவில்லை, கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை எதற்கென்றும் அவருக்குப் புரியவில்லை. ஆளுக்கு ஓர் அட்டையில் நிலைமையை எழுதிக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, மூன்று நிமிடம் பேசச் செய்ய வேண்டும். க்யூஆர் முறை விருந்தினருக்குத் தெரியாது என்பதால் ஊழியர் விளக்கியே ஆக வேண்டும். விளக்கும்போதுதான் ‘முதலில்’, ‘பிறகு’, ‘அதற்கு முன்’ போன்ற இணைப்புகள் தாமாக வரும்.

எட்டு மதிப்பெண்ணை, கருத்து சென்று சேர்ந்ததா என்பதற்கு 3, சொல்லுக்கு 2, இலக்கணத்துக்கு 2, உச்சரிப்புக்கு 1 என்று பிரிக்கலாம். உச்சரிப்பில் தமிழ் நாவின் சாயலுக்காக மதிப்பெண் குறைப்பது நியாயமன்று. கேட்பவருக்குப் புரிந்ததா என்பதே அளவு. கூச்சம் மிக்க மாணவரை வாயாடி ஒருவரோடு இணைத்தால் அவர் பேசவே இடம் கிடைக்காது. இணைகளை வருகைப் பதிவேட்டு வரிசைப்படி போடாமல், ஆசிரியர் யோசித்துப் போட வேண்டும்.

ஒன்பதாம் படி: எழுதுதல்

‘கைப்பேசியின் நன்மைகளும் தீமைகளும்’ என்ற தலைப்பைக் கொடுத்தால் எல்லா மாணவரும் ஒரே துணைநூலிலிருந்து ஒரே கட்டுரையை ஒப்பிப்பார்கள். தலைப்பு, மனப்பாடம் நுழைய முடியாத அளவுக்குக் குறுகலாக இருக்க வேண்டும். யாருக்கு எழுதுவது, எதற்கு எழுதுவது, எந்த மூன்று செய்திகள் வர வேண்டும் என்பவற்றை வினாவே சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டு: கோலாலம்பூரில் இருக்கும் சித்தப்பா, ஊரில் தனியாக இருக்கும் அப்பத்தாவுக்கு, மருந்து வேளையை நினைவூட்டி விழுந்தால் போன் செய்யும் கருவி ஒன்றை வாங்கி அனுப்ப விரும்புகிறார். அதில் அப்பத்தாவுக்கு உதவும் ஓர் அம்சம், அவருக்குச் சிரமம் தரும் ஓர் அம்சம், சித்தப்பாவுக்குச் சொல்ல விரும்பும் யோசனை ஆகியவை அடங்க, நூறு முதல் நூற்றிருபது சொற்களில் ஒரு மின்னஞ்சல் எழுதுக. பிள்ளைகள் கடல் கடந்தும் பெரியவர்கள் பெரிய வீட்டிலும் இருக்கும் ஊர்களில் இந்த வினாவுக்கு மாணவரிடம் சொல்வதற்கு நிறைய இருக்கும். பி2 நிலைக்கு, ஆத்தங்குடிக் கல்லை ரோபோ செய்தால் அது ஆத்தங்குடிக் கல்லாகுமா என்று வாதிடச் சொல்லலாம்.

பத்து மதிப்பெண்ணில் கருத்து நிறைவுக்கு 3, ஒழுங்குக்கு 2, சொல்லுக்கு 2, இலக்கணத்துக்கு 3. திருத்துமுன் நல்லது, நடுத்தரம், குறைவு என்று மூன்று தாள்களை எடுத்து, இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே மதிப்பெண் இட்டு ஒப்பிட வேண்டும். இருவருக்கும் இடையே இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபாடு இருந்தால், பேசித் தீர்த்த பின்பே மற்ற தாள்களைத் தொட வேண்டும்.

கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்தபின், வீட்டில் எழுதி வரும் கட்டுரையை மாணவரின் ஆங்கிலத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. மதிப்பெண்ணுக்குரிய எழுத்து வகுப்பறையிலேயே நடக்க வேண்டும். வினா உருவாக்க ஆசிரியர் சாட்ஜிபிடியைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. ஆனால் இரண்டு சரியான விடை உள்ள வினாக்களை அது கூசாமல் எழுதித் தரும் என்பதால், நான்காம் படியில் கூறிய அகராதிச் சோதனை அங்கும் கட்டாயம்.

பத்தாம் படி: தேர்வையே சோதித்தல்

திருத்தி முடித்த தாள்கள் மாணவரை மட்டுமன்றி வினாக்களையும் காட்டிக்கொடுக்கும். ஒரு வினாவுக்குச் சரியாக விடையளித்தோரின் விழுக்காடு அதன் எளிமை அளவு. பாடம் முடிந்த தேர்வில் 30 முதல் 80 விழுக்காடு வரை இருப்பவற்றை வைத்துக்கொள்ளலாம். அடுத்து, மொத்த மதிப்பெண் வரிசையில் மேல் மூன்றில் ஒரு பங்கினரையும் கீழ் மூன்றில் ஒரு பங்கினரையும் எடுக்க வேண்டும். முப்பது பேர் வகுப்பில் மேல் பத்துப் பேரில் 8 பேரும் கீழ்ப் பத்துப் பேரில் 3 பேரும் சரியாக எழுதியிருந்தால், வேறுபாடு 5. அதைப் பத்தால் வகுத்தால் 0.5. இதுவே பிரித்தறியும் திறன். 0.3க்கு மேல் இருப்பது நல்ல வினா, 0.2க்குக் கீழ் இருப்பதைத் திருத்த வேண்டும். எதிர்க்குறி வந்தால், அதாவது கீழே உள்ளவர்கள் மேலே உள்ளவர்களைவிட நன்றாக விடையளித்திருந்தால், பெரும்பாலும் விடைக்குறிப்பு தவறாக இருக்கும். மதிப்பெண்ணை அறிவிக்குமுன் அதைச் சரிசெய்ய வேண்டும்.

இந்தக் கணக்கோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மொத்தத்தில் நன்றாக எழுதிய சில மாணவர்கள் ஒரே கருவியைப் பற்றிய வினாக்களில் மட்டும் சேர்ந்தாற்போல் தவறியிருந்தால், குறை ஆங்கிலத்தில் இராமல் அந்தக் கருவியில் இருக்க வாய்ப்பு மிகுதி. அவ்வினாவைப் படித்தல் பகுதிக்கு மாற்றி, விளக்கத்தோடு அடுத்த ஆண்டு வைக்கலாம்.

தேறிய வினாக்களை ஆண்டு, வகுப்பு, எளிமை அளவு, பிரித்தறியும் திறன் ஆகியவற்றோடு அட்டை அட்டையாகச் சேமித்துவர வேண்டும். கருவிகள் வேகமாக வழக்கொழிவதால், இத்தலைப்பில் ஒவ்வொரு வினாவையும் ஆண்டுதோறும் மறுபடி படித்துப் பார்க்க வேண்டியிருக்கும். குறுந்தகட்டையும் டயல் சுழற்றும் தொலைபேசியையும் பற்றிய வினாக்கள் இப்போது அறிமுகம் வேண்டும் வரிசைக்குப் போய்விட்டன. அவற்றை ‘யூஸ்ட் டு’ அமைப்பைக் கற்பிக்க வைத்துக்கொள்ளலாம்.